உறுதிச்சொல் எம்மொழியில்?

மொழி வாழுமிடம் மேடையன்று. மேடையில் அது முழங்கும், மாலை ஏற்கும், கைத்தட்டும் பெறும். அது வாழ்வதோ சந்தையில், அடுக்களையில், கழனியில், பயணச்சீட்டு விற்கும் பலகணியின்முன் நிற்கும் நீண்ட வரிசையில். 'எனக்கு இது வேண்டும்' என்று ஒருவன் கேட்குமிடத்தும், 'உனக்கு இது உண்டு' என்று மற்றொருவன் உறுதி கூறுமிடத்தும் எம்மொழி ஒலிக்கின்றதோ, அம்மொழியே அந்நாட்டை ஆளும் மொழி. ஏனைய மொழிகள், எத்துணைத் தொன்மையும் வளமும் உடையனவாயினும், அங்கே ஒட்டுக்குடி இருப்பனவே.

இவ் வளவுகோலை இற்றைத் தமிழ்நாட்டின்மேல் வைத்துப் பார்த்தால் நெஞ்சு நோகும். தொடர்வண்டி நிலையத்தில் நிற்பார் பேசுவதைச் சற்றே செவிமடுத்தாற் போதும். 'புக் பண்ணியாச்சா?' 'கன்பர்ம் ஆயிடுச்சா?' 'இன்னும் வெயிட்டிங் லிசுட்டுதான்.' 'அப்படின்னா கேன்சல் பண்ணிடு.' இந் நான்கு தொடர்களிலும் தமிழென்று சொல்லத்தக்கவை 'பண்ணு', 'ஆகு', 'இன்னும்', 'அப்படி' என்னும் ஒட்டுச் சொற்களே. பொருளைச் சுமக்கும் சொற்கள் அத்தனையும் ஆங்கிலம். தமிழ் இங்கே தேருக்கு அச்சாணியாகக்கூட இல்லை. தேரைத் தள்ளிவரும் கூலியாளாக இருக்கின்றது.

'இஃதொரு பெருங்கேடா? வாயில் வந்ததைப் பேசிவிட்டுப் போகட்டுமே! வண்டியில் இடம் கிடைத்தாற் போதாதா?' என்று கேட்பார் உளர். அவர்க்கு விடை சொல்லத்தான் வேண்டும். ஏனெனில், இடம் கிடைப்பதே இம்மொழிச் சிக்கலில் மாட்டிக்கொண்டு தவிக்கின்றது.

நெல்லைப் பக்கத்துச் சிற்றூர்த் தாய் ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்துக. கண் மருத்துவத்திற்காகச் சென்னைக்கு வரவேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கைப்பேசி வழியாக அவளுக்குச் சீட்டு எடுக்கின்றான். 'புக் பண்ணிட்டேம்மா, வந்திரு' என்கின்றான். தாயும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாலையில் நிலையத்திற்கு வந்து, படுக்கை வசதிப் பெட்டியில் ஏறி அமர்கின்றாள். வண்டி புறப்படுகின்றது. சீட்டு ஆய்வாளர் வருகின்றார், குறுஞ்செய்தியைப் பார்க்கின்றார். 'அம்மா, இது கன்பர்ம் ஆகலை. சார்ட்டு போட்டதும் தானாவே கேன்சல் ஆயிடுச்சு' என்கின்றார். 'எம்மவன் புக் ஆயிட்டுதுன்னு சொன்னானே ஐயா!' என்கின்றாள் தாய். ஆய்வாளரின் ஏட்டின்படி அவள் சீட்டின்றிப் பயணம் செய்பவள். கட்டணத்தோடு ஒறுப்புத் தொகையும் செலுத்த வேண்டியவள். அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியவள்.

மகன் பொய் சொன்னானா? இல்லை. ஆய்வாளர் விதியை மீறினாரா? அதுவும் இல்லை. இருவர்க்கும் இடையே நின்ற சொற்களே அத்தாயை ஏமாற்றின. 'புக்' என்பதற்கும் 'கன்பர்ம்' என்பதற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகின்றது; அந்த ஆற்றை அவள் அறியாள். 'பெயரைப் பதிந்துவிட்டேன் அம்மா. ஆனால் இடம் இன்னும் உறுதியாகவில்லை. காத்திருப்பு வரிசையில் ஏழாவதாக இருக்கின்றது' என்று அம்மகன் தமிழில் சொல்லியிருந்தால், எழுத்தறியாத அத்தாயும் மறுநொடியே 'அப்படின்னா இடம் இல்லையா ராசா?' என்று கேட்டிருப்பாள். தாய்மொழியில் சொன்ன சொல் கேட்டவர் உள்ளத்தில் உடனே ஒரு வினாவை எழுப்பும். அயற்சொல்லோ வினா எழாதபடி வாயை அடைத்துவிடும்.

ஆகலின், இது சொல்லழகு பற்றிய வழக்கன்று. உரிமை பற்றிய வழக்கு. முன்பதிவு என்பது பணத்தை முன்னே பெற்றுக்கொண்டு ஒருவர்க்கு மற்றொருவர் தரும் உறுதிமொழி. அவ் வுறுதிமொழி எம்மொழியில் எழுதப்படுகின்றதோ அம்மொழியை அறியாதவன், தனக்கு என்ன தரப்பட்டது, என்ன தரப்படவில்லை என்பதை அறியான். அறியாத உறுதியை எவ்வாறு கேட்டுப் பெறுவான்?

தொடர்வண்டிப் பதிவின் நிலைகளைச் சற்றே விரித்துப் பார்ப்போர்க்கு இது தெளிவாகும். சி.என்.எப். என்று குறித்திருந்தால் இடம் உறுதி. ஆர்.ஏ.சி. என்று குறித்திருந்தால், வண்டியில் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவர் அமர்ந்து செல்லலாம். எவரேனும் தம் பதிவை நீக்கிக்கொண்டால் முழுப் படுக்கை கிடைக்கும். டபிள்யூ.எல். என்று குறித்திருந்தால் காத்திருப்பு. அதனுள்ளும் பொதுக் காத்திருப்பு, இடைநிலையக் காத்திருப்பு, கூட்டு ஒதுக்கீட்டுக் காத்திருப்பு என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவும் உறுதியாவதற்கான வாய்ப்பு வேறு வேறு. இணையவழிப் பதிந்த சீட்டு, பயணியர் பெயர்ப்பட்டி முடிவான பின்னும் முழுக் காத்திருப்பிலேயே நின்றால், அது தானாகவே நீங்கிப் பணம் திரும்பும். அதனைக் கொண்டு வண்டியேற இயலாது. சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பதிந்தபோது இருந்த நிலை, மற்றொன்று இப்போதுள்ள நிலை. இத்தனை நுட்பங்களும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆங்கிலம் கற்றவரே தடுமாறும் இவ்வெழுத்துகளைக் கொண்டு, கல்லாதார் தம் பயணத்தை முடிவு செய்யவேண்டும் என்பது எவ்வகை முறை?

'இவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் இல்லையே' என்பது சோம்பேறிகள் காலங்காலமாகச் சொல்லிவரும் விடை. சொல் இல்லையா? தமிழன் தொடர்வண்டி வந்த பிறகுதான் இடம் பிடிக்கக் கற்றானா?

'நாளைக்கு வண்டி பேசியிருக்கிறேன்' என்றான் பாட்டன். வண்டிக்காரனோடு கூலி பேசி, நாளும் பொழுதும் குறித்து, அவன் வேறெங்கும் போகாதபடி முன்னரே ஏற்பாடு செய்துவிட்டான் என்பது அதன் பொருள். 'பேசுதல்' என்னும் ஒரே சொல்லில் அத்தனையும் அடங்கிற்று. அறுவடைக்கு 'ஆள் பேசினார்கள்'. திருமணத்திற்கு மேளக்காரரை 'வெற்றிலை பாக்கு வைத்து அமர்த்தினார்கள்'. கறவை ஈனுமுன்னரே 'சீம்பாலுக்குச் சொல்லி வைத்தார்கள்'. விதை நெல்லை 'ஒதுக்கி வைத்தார்கள்'. பேருந்துச் சாளரத்தின் வழியே 'துண்டு போட்டு இடம் பிடித்தார்கள்'. உறுதி செய்வதற்கும் தமிழர்க்கு முறை இருந்தது. பெண் பார்க்கச் சென்ற வீட்டில், பேச்சு முடியுமுன் கை நனைக்கமாட்டார்கள். அவ்வீட்டில் உணவுண்டு கை நனைத்துவிட்டால் அந்த உறவு உறுதியாயிற்று என்பதை ஊரே அறியும். பேசுதல் வேறு, முடிதல் வேறு. பாக்கு வைத்தல் வேறு, கை நனைத்தல் வேறு. முன்பதிவுக்கும் உறுதிக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் காட்டிய மக்கள், இன்று அவ்வேற்றுமையை உணர்த்த அயலான் சொல்லைக் கையேந்தி நிற்பது வெட்கமன்றோ?

ஆங்கிலர் என்ன செய்தனர் என்பதையும் நோக்குக. 'புக்' என்பது அவர்களின் பழைய வீட்டுச் சொல். ஏடு என்பது பொருள். ஏட்டில் பெயரை எழுதி வைத்தலை அச்சொல்லாலேயே 'புக்கிங்' என்றனர். 'ரிசர்வ்' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. பின்னுக்குக் காத்து வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். 'கன்பர்ம்' என்பதன் வேரும் இலத்தீனே. திண்மையாக்குதல் என்பது பொருள். 'கேன்சல்' என்பதோ, எழுதியதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து அடித்தலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பின்னற்கம்பித் தட்டி போன்ற அக் கோடுகளே அதற்குப் பெயர் தந்தன. ஆக, அவை வானத்திலிருந்து விழுந்த சொற்கள் அல்ல. எழுதுதல், காத்தல், திண்மை செய்தல், அடித்தல் என்னும் எளிய செயல்களின் பெயர்களே. இந் நான்கு செயல்களையும் தமிழன் செய்ததில்லையா? இவற்றுக்கு அவனிடம் பெயர் இல்லையா?

'ஆங்கிலமே இலத்தீனிடம் கடன் வாங்கியதாயிற்றே. தமிழ் வாங்கினால் என்ன?' என்று சிலர் மடக்குவர். இல்லாதவன் வாங்குவது கடன். தன் வீட்டுக் குதிரில் நெல் நிறைந்திருக்க, அயல்வீட்டில் படி நெல்லுக்கு நிற்பது கடனன்று, அறியாமை. 'பதிவு' என்னும் சொல்லைப் பாருங்கள். கால் மண்ணிற் பதிகின்றது, சொல் நெஞ்சிற் பதிகின்றது, உழவன் கொடியைப் பதியம் போடுகின்றான், ஆவணம் பதிவாகின்றது. பதிந்தது எளிதில் அழியாது என்னும் கருத்து அச்சொல்லின் உள்ளேயே இருக்கின்றது. 'காத்திருத்தல்' என்பதில் 'கா' என்னும் வேர், போற்றிக் காத்தலையும் எதிர்நோக்கி இருத்தலையும் ஒருங்கே உணர்த்துகின்றது. 'உறுதி' என்பது 'உறு' என்னும் வேரிலிருந்து கிளைத்து, திண்மையையும் நன்மையையும் சேர்த்துக் கூறுகின்றது. இத்தகைய சொற்களை வைத்துக்கொண்டு, சி.என்.எப். என்னும் மூன்று ஒலிக்காத எழுத்துகளின்முன் தமிழன் கைகட்டி நிற்கின்றான்.

அதுமட்டுமன்று. ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவாக நிற்கும் இடமும் இதுவே. 'ரிசர்வேசன்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். வண்டியில் இடம் பதிவதும் அது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியிலும் பணியிலும் பங்கு வைப்பதும் அது. அவற்றோடு நில்லாது, வெட்டக்கூடாது என்று அரசு காக்கும் காடும் 'ரிசர்வ்' காடு. தமிழிலோ முன்னது முன்பதிவு, அடுத்தது இடவொதுக்கீடு, மூன்றாவது காப்புக்காடு. மூன்று பொருளுக்கு மூன்று சொல். எவர்க்கும் மயக்கமில்லை. 'கன்பர்ம்' என்பதும் அத்தகையதே. வேலை நிலைப்பதும் அது, செய்தி மெய்யென்று தெரிவதும் அது, இருக்கை கிடைப்பதும் அது. தமிழில் பணி நிலைப்படுகின்றது, செய்தி உறுதிப்படுகின்றது, இருக்கை உறுதியாகின்றது. பொருளுக்கேற்பச் சொல்லைப் பிரித்துக்காட்டும் மொழியை விடுத்து, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கும் வழக்கை முன்னேற்றம் என்று கருதுவது பேதைமை.

இன்னொரு கேடு, நுண்ணிதாக நோக்குவார்க்கே புலப்படுவது. பெயர்ச்சொல் ஒன்று அயலிலிருந்து வந்தால், புதிய பொருளொன்று வீட்டிற்குள் வந்ததைப் போன்றது. அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் சூட்டித் திருத்திவிடலாம். வினைச்சொல் அயலிலிருந்து வந்தாலோ, வீட்டாரின் கையும் காலும் அயலாருடையனவாயின என்பது பொருள். 'பதிந்தேன்' என்பதற்கு மாறாகப் 'புக் பண்ணினேன்'. 'உறுதிசெய்தேன்' என்பதற்கு மாறாகக் 'கன்பர்ம் பண்ணினேன்'. 'நீக்கினேன்' என்பதற்கு மாறாகக் 'கேன்சல் பண்ணினேன்'. எல்லா வினைக்கும் 'பண்ணு' என்னும் ஒரே ஏவலாள். பதி, உறு, நீக்கு, குறி, ஒதுக்கு, அமர்த்து என்னும் வினைவேர்கள் ஆள்வாரின்றி ஒவ்வொன்றாகத் துருப்பிடிக்கின்றன. வேர் பட்டுப்போன மரம் சிலகாலம் இலையோடு நிற்கும். வழிப்போக்கர் அதனைப் பசுமை என்றே எண்ணுவர்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? தென்னாட்டில் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து வாலாசாப்பேட்டைக்கு 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஓடிற்று. அன்று தொடர்வண்டி ஆங்கிலக் கும்பினியின் உடைமை. சீட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆட்சி மாறியது, சீட்டின் மொழி மாறவில்லை. 1980-களின் நடுவில் தில்லியில் கணிப்பொறி வழிப் பதிவு தொடங்கிப் பின்னர்ப் பிற நகரங்களுக்கும் பரவிற்று. 2002-ஆம் ஆண்டில் இணையவழிப் பதிவு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், 'இச் சீட்டை வாங்குவோர் எம்மொழியினர்?' என்னும் வினாவைக் கேட்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அவ்வினா கேட்கப்படாமலே போயிற்று.

நடுவணரசின் ஆட்சிமொழி விதிகள், 1976, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் உரியன என்று தொடக்கத்திலேயே கூறுகின்றன. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து இளைஞர்கள் உயிரீந்த நாட்டிற்கு அவ்விலக்கு உரியதே. ஆயின், இந்தி விலகிய இடத்தில் தமிழ் அமர்ந்ததா? இல்லை. இந்தியை வாயிலில் தடுத்த தமிழர், ஆங்கிலத்தை அடுக்களையில் அமர்த்தி வைத்தனர். அவ்வாயிலும் முழுமையாக அடைபடவில்லை. 1997-இல் உடனடிப் பதிவு முறை வந்தபோது, அதன் பெயர் 'தட்கல்' என்றே வந்தது. அது வடசொல், இந்தி வழியாக வந்தது. 'உடனடிப் பதிவு' என்று சொன்னால் ஆறு அகவைக் குழந்தைக்கும் விளங்கும். ஆனால் 'தட்கல்' என்றே எழுதினார்கள். தமிழரும் அதனைத் 'தக்கல்' என்று திரித்துச் சொல்லி மனநிறைவு கொண்டார்கள். ஒரு சீட்டின் முதற்சொல் இந்தி, இடைச்சொல் ஆங்கிலம், கடைச்சொல் எண். தமிழனுக்கு அதில் மிஞ்சியது கட்டணம் மட்டுமே.

தில்லியைக் குறைகூறி இருந்துவிடுவது எளிது. ஆனால் தில்லி எட்டிப் பாராத இடங்களில் தமிழர் என்ன செய்கின்றனர்? திருமண மண்டபத்தின் உடைமையாளர் தமிழர், கேட்டு வருபவர் தமிழர், மணமக்கள் தமிழர், நடப்பது தமிழ்த் திருமணம். ஆயினும் மண்டபம் 'புக்' ஆகின்றது, 'அட்வான்சு' கைமாறுகின்றது, 'டேட் கன்பர்ம்' ஆகின்றது. நாள் குறித்தல், முன்பணம் தருதல், உறுதி செய்தல் என்னும் சொற்கள் பாட்டியின் வாயோடு போயின. தனியார் பேருந்து நடத்துவோர் தமிழர். அவர் தரும் சீட்டில் ஒரு தமிழெழுத்தைக் காண்பது அரிதாகி வருகின்றது. மருத்துவரைப் பார்க்கப் பெயர் கொடுப்பது 'அப்பாயிண்ட்மெண்ட்'. விடுதியில் அறை கேட்பது 'ரூம் புக்கிங்'. உணவகத்தில் இருக்கை கேட்பது 'டேபிள் ரிசர்வ்'. இங்கெல்லாம் எந்த நடுவணரசு வந்து தமிழரின் நாவைப் பிடித்து இழுத்தது? தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே வந்தது. அச்சட்டம் அரசுக் கோப்பைத்தான் கட்டுப்படுத்தும். வாயைக் கட்டுப்படுத்த மானம் ஒன்றே வேண்டும்.

இவ்விடத்தில் தமிழன்பர்களிடத்தும் ஒரு குறையைச் சுட்டாமற் போவது நேர்மையாகாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் கட்டுப்பாடு தமிழாக்க முயற்சியில் இன்னும் வரவில்லை. ஒருவர் 'தொடர்வண்டி' என்பார்; ஒருவர் 'இருப்பூர்தி' என்பார்; ஒருவர் 'புகைவண்டி'யை விடமாட்டார். 'ரத்து' என்பது அரபு வழிவந்த சொல் என்று விலக்கியவர்கள், அதனிடத்தில் 'நீக்கம்', 'விலக்கம்', 'தவிர்ப்பு', 'கைவிடல்' என்று நான்கு சொற்களை நிறுத்தி, தம்முள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் வழக்காடி முடிக்குமுன், 'கேன்சல்' வந்து நடுவீட்டில் பாய்விரித்துப் படுத்துவிட்டது. மறைமலையடிகளார் 1916-இல் தொடங்கி வைத்த தனித்தமிழ் இயக்கம் வென்ற இடங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். எச்சொல் எளிதோ, எச்சொல்லை அனைவரும் ஒருங்கே ஆண்டனரோ, அச்சொல் நின்றது. பேருந்து நின்றது, ஓட்டுநர் நின்றார், நடத்துநர் நின்றார், பயணச்சீட்டு நின்றது, முன்பதிவு நின்றது. அரசுப் பேருந்துகளிலும் நிலையங்களிலும் நாள்தோறும் கண்ணில் பட்டதால் நின்றன. தொடர்வண்டி நிலைய ஒலிபெருக்கியில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒலிக்கும் தொடரை அறியாத தமிழர் உண்டா? அதனைக் கேட்டு 'விளங்கவில்லை' என்று எவரேனும் முறையிட்டதுண்டா? பயன்படுத்தினால் தமிழ் விளங்கும். பூட்டி வைத்தால் எம்மொழியும் விளங்காது.

ஆதலின், இருக்கின்ற சொற்களுள் எளியவற்றை எடுத்து ஒருமனதாக ஆளுதல் வேண்டும். பெயரை ஏட்டிலேற்றுவது பதிவு. பயண நாளுக்கு முன்னரே பதிவதால் முன்பதிவு. இருக்கையோ படுக்கையோ எண்ணோடு கிடைத்துவிட்டால் உறுதி. கிடைக்காத நிலை காத்திருப்பு. ஆர்.ஏ.சி. என்று வழங்குவதைப் பகிர்விருக்கை என்னலாம். ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்தமர்வதை அச்சொல்லே சொல்லிவிடும். பதிந்ததைக் கைவிடுவது நீக்கம். தட்கல் உடனடிப் பதிவு. பத்து இலக்கம் கொண்ட பி.என்.ஆர். பதிவெண். வண்டி புறப்படுமுன் முடிவாகும் 'சார்ட்டு' பயணியர் பெயர்ப்பட்டி. 'பெர்த்து' படுக்கை, அது கீழ்ப்படுக்கை, நடுப்படுக்கை, மேற்படுக்கை. இச்சொற்களுள் அகரமுதலியைப் புரட்டவேண்டிய சொல் ஒன்றேனும் உண்டா? புதிதாக மூளையைக் கசக்க வேண்டிய சொல் உண்டா? சந்தைக்குப் போகும் ஆயாவும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ளும் சொற்கள் இவை.

'கணிப்பொறி தமிழை ஏற்காது' என்னும் பழைய சாக்கும் இனிச் செல்லாது. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணிப்பொறிக்கு ஒரே குறிமுறையில் தந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. இன்று தமிழில் கைப்பேசிச் செய்தி எழுதாத இளைஞர் அரியர். நிலைக்குறிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயிரம் பக்க நூலைப் பெயர்க்கச் சொல்லவில்லை. உறுதி, பகிர்விருக்கை, காத்திருப்பு, நீக்கம் என்னும் நான்கு சொற்களை அவ்வெழுத்துகளின் பக்கத்தில் அச்சிடச் சொல்வதே கோரிக்கை. வேண்டாதது இயலாமை என்னும் முகமூடியை அணிந்துகொள்கின்றது, அவ்வளவே.

இக்கோரிக்கையை எழுப்பவேண்டியவர் எவர்? ஒவ்வொருவரும். தமிழ் அச்சிட்ட பதிவுப் படிவம் கிடைக்குமிடத்தில் அதனைத் தமிழிலேயே நிரப்புதல் வேண்டும். தமிழில் நிரப்பியதை ஏற்க மறுத்தால், சினந்து கூச்சலிடாமல், ஏன் மறுக்கின்றனர் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். பலகணியில் இருப்பவரும் கூலிக்கு உழைப்பவரே. அவரை இழிவு செய்வது தமிழ்ப்பண்பன்று. ஆனால் தமிழறியாதாரைத் தமிழர் பலகணியில் அமர்த்தும் மேலிடத்தை வினவாமல் விடுவதும் தமிழ்ப்பண்பன்று. நிலைக்குறிகளைத் தமிழில் அச்சிடுமாறு கோட்ட மேலாளர்க்கும், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் மடல் எழுதுதல் வேண்டும். ஒரு மடலை ஒதுக்கலாம். ஓராயிரம் மடலை ஒதுக்க எந்த அலுவலகத்திலும் இடமில்லை.

பள்ளி ஆசிரியர் தம் வகுப்பில் ஒருநாள் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாகும். முன்பதிவுப் படிவத்தைத் தமிழில் நிரப்பவும், சீட்டின் நிலையைப் படித்து அதன் பொருளைத் தமிழில் விளக்கவும் மாணவர்க்குக் கற்பித்தால், அம்மாணவன் அன்று மாலையே தன் பாட்டிக்கு அதனைக் கற்பிப்பான். திருமண மண்டபமும் விடுதியும் பேருந்தும் நடத்தும் தமிழ் வணிகர், தம் பலகையிலும் சீட்டிலும் 'முன்பதிவு', 'முன்பணம்', 'உறுதி', 'நீக்கம்' என்னும் சொற்களை அச்சிட எவருடைய இசைவையும் பெறவேண்டியதில்லை. மையும் மனமும் இருந்தாற் போதும். வீட்டிலிருப்போர் செய்யவேண்டியது இன்னும் எளிது. 'புக் பண்ணியாச்சா?' என்று பிள்ளை கேட்டால், 'பதிஞ்சாச்சு; இன்னும் உறுதியாகல' என்று விடை சொல்ல வேண்டும். கடிந்துகொள்ள வேண்டா, திருத்திச் சொல்ல வேண்டா, விடையைத் தமிழில் சொன்னாற் போதும். மூன்றாம் முறை பிள்ளையே 'பதிஞ்சாச்சா?' என்று கேட்கும்.

2024 நவம்பர் முதல் நாளிலிருந்து தொடர்வண்டி முன்பதிவுக்குரிய காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அறுபது நாளுக்கு முன்னரே இடத்தைப் பதிந்து வைக்கத் தவறியவர் பொங்கலுக்கு ஊர்போய்ச் சேர்வது அரிது என்பதைத் தமிழர் நன்கறிவர். விடியலில் எழுந்து, நாள் எண்ணி, நொடி எண்ணிப் பதிகின்றனர். ஓரிரவுப் பயணத்தின் படுக்கைக்குக் காட்டும் அவ்விழிப்பைத் தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழப்போகும் மொழிக்குக் காட்டினாரா? அங்கே மட்டும், 'எவரேனும் பார்த்துக்கொள்வர்' என்று காத்திருப்பு வரிசையில் நின்றுவிட்டனர்.

காத்திருப்பு வரிசையில் நிற்பவர்க்கு இடம் தானாக வருவதில்லை. பெயர்ப்பட்டி முடிந்துவிட்டால் அவர் பெயரே நீங்கிவிடும் என்பது தொடர்வண்டி விதி. மொழிகளுக்கும் அதுவே விதி. தமிழ்நாட்டு வண்டியில் தமிழுக்கு உறுதியான இடம் வேண்டுமெனில், அதனைப் பதியவேண்டியவர் தமிழரே. பதியவேண்டிய ஏடு அவரவர் நா. நெல்லைத் தாயின் கையிலுள்ள சீட்டில் 'உறுதி' என்னும் மூன்று தமிழெழுத்து அச்சாகும் நாளே, அவள் இந்நாட்டின் குடி என்பது உறுதியாகும் நாள். அந்நாளை வருவிக்கும் வேலை, இவ்விதழைக் கீழே வைத்தபின் பேசப்போகும் முதற் சொல்லிலிருந்து தொடங்குவதாகுக!